விஜயதசமிக்குள் பிரேக்

கார் வீட்டுக்கு வந்த அன்று மாமா அதை மூன்று முறை சுற்றி வந்தார். கோயிலில் போல வலமாகத்தான். மூன்றாவது சுற்று முடிந்ததும் நின்று கேட்டார்.

"மைலேஜ் எவ்ளோ குடுக்கும்?"

சொன்னேன்.

"அவ்ளோதானா," என்றார். அதற்குப் பிறகு காரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தம்பி யுவனிடம் கேட்டார்.

கார் என்னுடையது. ஒரகடத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். படித்தது வேதியியல். சென்னையில் ஒருவரிடமிருந்து இதை வாங்கினேன். எட்டு வருடப் பழசு. சின்ன உடம்பு, அதற்குப் பொருந்தாத டர்போ எஞ்சின். என்னோடு வேலை செய்யும் மஹாலட்சுமியின் அண்ணனிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் அது என்னைச் சீட்டோடு சேர்த்து அழுத்தியது. ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்ல முடியாது. கம்பெனி பஸ் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தது யுவன். விற்றவர் ஆர்.சி. புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். சாவியை அவனிடம் கொடுத்தார். எனக்கு அந்தந்த நேரத்தில் வார்த்தை வராது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, முழு வாக்கியங்களாக வரும்.

மாமா தணிகாசலம் அம்மாவின் அண்ணன். நெசவாளர்களிடம் பட்டுச் சேலை வாங்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். அப்பா நெய்யும் சேலைகளும் அவர் வழியாகத்தான் போகின்றன. அதனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவருக்கு ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டர் மட்டும்.

அவர்தான் முடிவு சொன்னார்.

"பொண்ணு வேலைக்கு ஓட்டிக்கினு போறதெல்லாம் அப்புறம். விஜயதசமி அன்னிக்கு நல்ல நேரத்துல என்னைப் பக்கத்துல உக்கார வெச்சி ஓட்டிக் காட்டட்டும். எனக்கு சரின்னு பட்டா எடுத்துக்கினு போவட்டும். இல்லன்னா யுவன் ஓட்டட்டும். காலேஜுக்குப் போற வழியில இவள எறக்கி வுட்டுட்டுப் போறான். இன்னா காசி?"

அப்பா தலையாட்டினார். அம்மா தலையாட்டினாள். யுவன் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினான்.

நான் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. யுவன் போன மாதம் எடுத்தான்.

கார் வாங்கினால் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்து. யுவனுக்கு முதலில் சைலன்சரை மாற்ற வேண்டும். சத்தம் பத்தவில்லையாம். பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரில் வேறு ப்ரோக்ராம் ஏற்றி இன்னும் வேகமாக்க வேண்டும். பின்னால் ஒரு இறக்கை வைக்க வேண்டும்.

"இதுவே போதுமான வேகம் போவுதுடா," என்றேன்.

"போதும்னா மாமாவோட ஸ்கூட்டரே போதுமேக்கா."

மாமா ஒரு பிள்ளையார் வாங்கி வந்தார். பிரேக் மிதித்தால் பிள்ளையாருக்குப் பின்னால் சிவப்பு விளக்குச் சுற்றும். அதற்கு ஒயரை எங்கேயாவது வெட்டி இணைக்க வேண்டும். மறுநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் பாடும் ஹாரன் ஒன்றும் வந்தது. அம்மா எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கோத்து முன்பக்கம் கட்டினாள். சரியாக எஞ்சினுக்குக் காற்றுப் போகிற இடத்தில்.

"அங்க காத்து போவணும்மா."

"திருஷ்டி போவணும். காத்து எப்டியாவது போயிடும்," என்றாள்.

பழைய, வேகமான காரை வாங்குகிறவர்கள் முதலில் வேகத்தைத் தொடக் கூடாது. அது நிற்குமா என்று பார்க்க வேண்டும். இதை நான் வாங்குவதற்கு முன் மாதக்கணக்கில் படித்திருந்தேன். படிக்காவிட்டாலும் தெரிந்திருக்கும். பிரேக் ஆயில் நெடுநேரம் கொதித்த டீயின் நிறத்தில் இருந்தது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். முன் சக்கரங்களுக்குள் இருக்கும் டிஸ்க் தேய்ந்து, விரல் வைத்தால் ஓரத்தில் வரப்பு தட்டியது. நான்கு டயர்களும் நான்கு கம்பெனி. ரேடியேட்டரில் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள்.

டயரும் கூலன்டும் சுலபமாக முடிந்தன. பிரேக்குக்கு மட்டும் நல்ல டிஸ்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பேட்களும் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பந்தயக் கார்களுக்குப் போடுகிறவர்களின் பொருள். பெட்டி வந்த அன்று அம்மா திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ?" என்றாள். இரண்டு இரும்புத் தட்டும் நான்கு கட்டியும். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை.

மெக்கானிக் ராமராஜனின் ஷெட் வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிறது. விடுமுறை நாளில் போனோம். யுவன் ஓட்டினான். ராமராஜன் நல்ல வேலைக்காரர் என்று தொழிற்சாலையில் நாலு பேர் சொல்லியிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் யுவனைப் பார்த்து, "சொல்லுங்க தம்பி," என்றார்.

"பிரேக் ஆயிலை முழுசா எடுத்துட்டுப் புதுசு ஊத்தணும்," என்றேன்.

"இன்னா தம்பி பண்ணணும்?"

"பிரேக் ஆயிலை முழுசா எடுத்துட்டுப் புதுசு ஊத்தணுமாம்," என்றான் யுவன்.

"ஊத்திடலாம் தம்பி."

அன்று முழுவதும் இப்படித்தான் நடந்தது. நான் சொல்வேன். யுவன் திருப்பிச் சொல்வான். ராமராஜன் யுவனுக்குப் பதில் சொல்வார். புது டிஸ்க் மேல் துருப் பிடிக்காமல் இருக்க கம்பெனியில் எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதைத் துடைக்காமல் மாட்டினால் பேட் எண்ணெய் குடித்துக் கெட்டுவிடும். அவர் அப்படியே மாட்டப் போனார். நான் யுவனின் முதுகில் குத்தினேன்.

"அண்ணே, அத தொடச்சிட்டு மாட்டணுமாம்."

"யாரு சொன்னது?"

யுவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நெட்ல போட்டுக்கிறாங்க," என்றான்.

ராமராஜன் அதை ஒப்புக்கொண்டார். ஸ்பிரே அடித்து, சுத்தமான துணியால் இரண்டு பக்கமும் நன்றாகவே துடைத்தார். பழைய பேட்களைப் புதுப் பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்தார். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும்போது ஆள் இல்லாத இடமாகப் பார்த்து யுவனை இறங்கச் சொன்னேன். புது பேட் டிஸ்கோடு படிய வேண்டும். அதற்கு வேகம் எடுத்து, நிற்காமல் மெதுவாக்கி, மறுபடி வேகம் எடுக்க வேண்டும். நானே செய்தேன். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். கடைசியில் பிரேக் கால் நினைப்பதற்குள் பிடித்தது.

"போதும்க்கா. வாந்தி வர்துக்கா," என்றான் யுவன்.

"நான் நல்லா ஓட்டறேனா?"

"நல்லாத்தான் ஓட்டற."

"இத மாமாகிட்ட சொல்லுவியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே காற்று வாங்க என்று சொல்லலாம்.

ஆயுத பூஜைக்கு முந்தைய ராத்திரி நல்ல மழை. காலையில் நான் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். அங்கேயும் பூஜை. பாய்லருக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். கடைசியாகக் கம்பெனி பஸ்ஸில் வருகிறேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அப்பா காலையிலிருந்து வேலையாக இருந்திருக்கிறார். ஆயுத பூஜை அன்று தறி ஓடாது. அதற்குப் பதிலாகத் தறிக்கு எல்லாம் நடக்கும். தறிக்கு மேலே இருக்கும், சேலைக்குப் பூ எடுக்கும் ஜக்கார்டு பெட்டியின் ஊசிகளும் கம்பிகளும் துடைக்கப்படும், எண்ணெய் விடப்படும். நாடா, ஊடைக்குச்சி, கத்திரி என்று தறிச் சாமான்கள் எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்து வரிசையாகப் படுத்திருக்கும். மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது.

கார் வாசலில் நின்றது. சாமந்தி மாலை, முன் விளக்குகளுக்குச் சந்தனம், கண்ணாடியில் மூன்று பட்டை. அம்மா எலுமிச்சம்பழத்தைப் புதுசாக மாற்றி அதே இடத்தில் கட்டியிருந்தாள்.

"வண்டிய நல்லா தொடச்சி வெச்சிருக்கேம்மா," என்றார் அப்பா.

உண்மையிலேயே கார் பளபளவென்று இருந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார். காரைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"கொஞ்சம் எடுத்துப் பாக்கட்டுமாப்பா? நாளைக்கு மாமா வராரே."

"இன்னிக்குத் தொடக் கூடாதும்மா. தறியே தூங்குது."

விட்டுவிட்டேன்.

விஜயதசமி காலையில் வெயில் அடித்தது. எல்லோரும் எதையாவது தொடங்கும் நாள். எங்கள் தெருக் கோடியில் பட்டம்மாள் அக்கா வீட்டார் புதுப் பாவு விரித்திருந்தார்கள். மூன்று சேலைக்கான அரக்கு நிறப் பட்டு இழைகள், இரண்டு பக்கமும் கட்டை நட்டு, தெருவின் நடுவில் இடுப்பு உயரத்தில் நீட்டி இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. கஞ்சி போட்டு, வெயிலில் காய்ந்து, எடுத்துச் சுருட்டும்வரை அந்தப் பக்கமாகச் சைக்கிள்கூடப் போகாது. எங்கள் தெருவில் அது எழுதாத சட்டம். மாரியம்மன் தேர்கூடக் காத்திருக்கும்.

"பாவு எடுத்தப்புறம் போலாமே மாமா," என்றேன்.

"அதுக்குள்ள நல்ல நேரம் பூடும். பாவுக்கு முன்னாடியே சந்து வர்து இல்ல, அதுல திரும்பிக்கோ. திரும்பத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா தேங்காய் உடைத்தார். மாமா வெள்ளை வேட்டியோடு முன் சீட்டில் ஏறி, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கார் இன்னும் கிளம்பவே இல்லை.

"மெதுவா," என்றார்.

கிளம்பினேன். பழங்கள் நசுங்கின.

"ஹாரன் அடி."

தெருவில் யாரும் இல்லை. அடித்தேன்.

"கியர் மாத்து."

மாற்றினேன். சந்து வந்தது. திரும்புவதற்கு வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை மிதித்தேன்.

கார் அதைக் கண்டுகொள்ளவில்லை. பெடல் கல் மாதிரி உறுதியாக இருந்தது. பஞ்சாக இல்லை. ஆனால் கார் சந்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் அழுத்தினேன். பாவின் முதல் கட்டை கண்ணாடிக்குள் பெரிதாகிக்கொண்டு வந்தது. பட்டம்மாள் அக்கா கஞ்சி தடவும் குச்சத்தைப் போட்டுவிட்டு, பாவுக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றாள். மாமா என் பேரைச் சொன்னார் என்று நினைக்கிறேன். அல்லது முருகன் பேராக இருக்கலாம்.

ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்தேன். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. கார் கொஞ்சம் கோணலாக நின்றது. அவளுக்கும் காருக்கும் நடுவில் ஒரு குழந்தை நுழைந்து போகலாம். பெரியவர்கள் போக முடியாது.

பட்டம்மாள் அக்கா கையை இறக்கவில்லை.

"ஏம்மா சத்யா. வேற தெருவே கெடைக்கலியா உனக்கு? இதுல ஏறியிருந்தா நான் எந்த சாமிகிட்டப் போயி அழறது?"

வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

"பிரேக்குன்னு நெனச்சி ஆக்சிலேட்டர மிதிச்சிருக்கும்."

"கம்பெனி பஸ்ஸு வாசல்லயே வர்துல்ல. அப்புறம் இன்னாத்துக்கு?"

"புது வண்டிகூட இல்ல. பழசு."

மாமா இறங்கினார். வேட்டியைச் சரி செய்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன். படிப்பு வேற, வண்டி வேற. சாவியக் குடும்மா. யுவா, வாடா. வண்டியப் பின்னால எடு."

யுவன் ஓடி வந்தான். பயமும் சந்தோஷமும் சேர்ந்த ஒரு முகம். காரைத் தெருவுக்கு வெளியே எடுத்துப் போவான், அப்படியே மெயின் ரோட்டில் ஒரு சுற்றுப் போவான். எனக்கு அவனைத் தெரியும். மெயின் ரோட்டில் லாரி வரும்.

"சாவியக் குடுக்கா."

"மாட்டேன்."

இது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும் ஓட்டக் கூடாது. பிரேக் புடிக்கல."

"நீ மிதிச்சிருந்தா புடிச்சிருக்கும்," என்றார் மாமா.

"மிதிச்சேன். பெடல் கெட்டியா இருக்குது. அதனால ஆயில் பிரச்சன இல்ல. டிஸ்க்ல ஏதோ இருக்குது."

குந்தி உட்கார்ந்து, முன் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டேன். வழுக்கியது. வெளியே எடுத்து முகர்ந்தேன். முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இருக்கும் வாசனை.

"எண்ண," என்றேன்.

மாமா ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. "அந்த ராமராஜன். அவன்தான் ஒழுங்கா தொடைக்காம மாட்டிக்கிறான். போன் போடு அவனுக்கு. இன்னிக்கு அவன வெச்சிக்கறேன்."

"அவர் இல்ல மாமா."

"அவன் இல்லாம வேற யாரு?"

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் விரலைப் பார்த்தார்.

"நான்தாம்மா போட்டேன்," என்றார். "ராத்திரி மழை பேஞ்சிதுல்ல. புதுத் தகடு, ஒரே ராத்திரியில செங்கல்லு மாதிரி துரு ஏறிக்கினு இருந்தது. நீ ஆசையா வாங்கினதாச்சேன்னு தேச்சி எடுத்துட்டு எண்ண போட்டேன். ஜக்கார்டு பொட்டிக்கு வுடற கேனு, மூக்கு நீட்டமா இருக்கும்ல, அதனால உள்பக்கம் கூட நல்லா வுட்டேன். பின்னால சக்கரத்துல தகடே காணோம். இல்லன்னா அதுக்கும் போட்டிருப்பேன்."

அவர் முகத்தில் குற்றம் எதுவும் இல்லை. வேலையைச் சரியாகச் செய்தவரின் முகம். பின் சக்கரத்தில் டிஸ்க் இல்லாமல் டிரம் வைத்த கம்பெனிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கத்த வேண்டும் போல இருந்தது. மழையில் வரும் அந்தத் துரு ஒன்றுமே இல்லை, நாலு தடவை பிரேக் மிதித்தால் தானே போய்விடும் என்று கத்த வேண்டும். நான் ஷெட்டில் நின்று யுவன் முதுகில் குத்தித் துடைக்க வைத்த எண்ணெயை, என் அப்பா கேன் வைத்துத் திருப்பி ஊற்றியிருக்கிறார். பூஜை செய்து ஊற்றியிருக்கிறார்.

"எண்ண போட்டா நல்லதுதானே. ஸ்மூத்தா ஓடும்," என்றார் மாமா. இப்போது அப்பாவின் பக்கம்.

"அது ஓடறதுக்கு இல்ல மாமா. புடிக்கறதுக்கு."

அவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டேன்.

"தறியில பாவ இழுத்துக் கட்டற கயிறு இருக்குதுல்லப்பா. முளையில சுத்தற எடத்துல அதுக்கு எண்ண போடுவியா?"

"அதுக்கு யாரு போடுவாங்க. கயிறு நழுவிடும். பாவு தொங்கிப் பூடும்."

சொல்லி முடித்த பிறகு அவர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு பட்டம்மாள் அக்காவின் பாவைப் பார்த்தார்.

"பட்டம்மா," என்றார் கடைசியில். "பொண்ணு மேல தப்பில்ல. நான்தான்."

"நீயா இருந்தா பரவால்லியா? பாவு உன்னுதா?" என்றாள் பட்டம்மாள் அக்கா. ஆனால் கையை இறக்கிவிட்டாள். குச்சத்தை எடுத்துக்கொண்டு போனாள். காயும் பாவை விட்டுவிட்டு அவளால் ரொம்ப நேரம் கோபப்பட முடியாது.

யுவன் ராமராஜனுக்குப் போன் செய்தான். அவர் ஷெட்டில் புதுக் கணக்குப் பூஜையை முடித்துவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு பைக்கில் வந்தார். இறங்கும்போதே மாமா திட்ட ஆரம்பித்தார். அப்பா எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு குறுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். ராமராஜன் சக்கரத்தைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு வழக்கம்போல யுவன் பக்கம் திரும்பினார்.

"இப்ப இன்னா பண்ணலாம் தம்பி?"

யுவன் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"புது பேட் எண்ண குடிச்சிருக்கும். அது இனிமே ஆவாது. டிஸ்க்க ஸ்பிரே அடிச்சித் தொடச்சிட்டு, பழைய பேட மாட்டுங்கண்ணே. டிக்கியில இருக்குது. பாதிக்கு மேல பாக்கி இருக்குது. வேற வர்ற வரைக்கும் ஓட்டலாம்."

ராமராஜன் என்னைப் பார்த்தார். என்னைப் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"ரைட்டும்மா," என்றார். ஸ்பேனரை எடுத்தார்.

தெருவிலேயே வேலை நடந்தது. சக்கரங்கள் கழன்றன. வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் விபூதி தேய்த்தால் எண்ணெய் போய்விடும் என்றார். ஒருவர் சீயக்காய் என்றார். அப்பா யாரோடும் பேசாமல், கழற்றிய நட்டுகளைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுத்தார். புது பேட்களைப் பெட்டியில் போடும்போது நான் பார்க்கவில்லை. பார்த்தால் எரிச்சல் வரும்.

வேலை முடிவதற்குள் பாவும் காய்ந்து, சுருட்டி, உள்ளே போய்விட்டது. தெரு காலியாக இருந்தது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் முடிஞ்சி போச்சி. இன்னிக்கு வேணாம். தீவாளி கழிச்சி ஒரு நாள் பாக்கலாம். அது வரைக்கும் யுவனே வெச்சிருக்கட்டும்."

வீடே தலையாட்டத் தயாரானது. எனக்கு அது கண்ணில் தெரிந்தது. தீபாவளி கழித்து ஐப்பசி மழை. பிறகு மார்கழி. மார்கழியில் எதுவும் தொடங்கக் கூடாது. பிறகு பொங்கல். பொங்கலுக்கு மாமா வேறு ஏதாவது சொல்வார்.

"இப்பவே போலாம்," என்றேன்.

"நேரம்தான் முடிஞ்சிதுன்றேனே."

"நேரம் முடிஞ்சா நீங்க வர வேணாம் மாமா. நான் நாளைக்கு இதுலதான் வேலைக்குப் போறேன். அதுக்கு முன்னாடி பிரேக்க ஒரு தடவ பாக்கணும். அப்பா, நீ வா."

அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார். நான் மாட்டிவிட்டேன்.

எஞ்சினைப் போட்டதும் பின் கதவு திறந்தது. மாமா ஏறினார்.

"நான் இல்லாம இவன் இன்னாத்தப் பாப்பான்," என்றார்.

தெருவை மெதுவாகத் தாண்டினேன். ஹாரன் அடி என்றார் மாமா. ஆள் இருந்தால் அடித்தேன், இல்லாவிட்டால் அடிக்கவில்லை. கியர் மாத்து என்றார், மாற்றிய பிறகு. வாலாஜாபாத் ரோட்டுக்கு வந்ததும் முன்னால் ஒரு கரும்பு லாரி போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போ, அவசரம் இல்ல என்றார். எதிரே யாரும் இல்லை. மூன்றாவது கியருக்கு இறக்கி அழுத்தினேன். கார் ஒரு மூச்சு இழுத்தது. லாரி பின்னால் போய்விட்டது. மாமா ஏதோ சொல்லத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டார்.

ரோடு காலியானதும் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"புடிச்சிக்குங்க," என்றேன்.

மிதித்தேன். பழைய பேட்தான். கொஞ்சம் உறுமியது. ஆனால் கார் நேராக, கோணாமல், போய் நின்றது. மாமாவின் மூக்குக்கண்ணாடி முன் சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. அப்பா டேஷ்போர்டில் கையை ஊன்றியபடி, கால்களுக்குக் கீழே ஏதோ ஓடுகிற மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தான் புடிக்கறதுன்றியா," என்றார்.

"ஆமாப்பா."

இன்னும் இரண்டு தடவை செய்து காட்டினேன். மூன்றாவது தடவை மாமா முன்கூட்டியே கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது யாரும் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் மாமா இறங்கி, காரின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"பிரேக் நல்லாதான் இருக்குது," என்றார். நான் ஓட்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யுவன் சாவிக்காகக் கை நீட்டிக்கொண்டு வந்தான், ஓரமாக நிறுத்த. மாமா அவன் கையைத் தட்டிவிட்டார்.

"அவளே போடுவாடா."

நானே போட்டேன். இறங்கி வந்தபோது மாமா ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போவும்போது என்ன வாலாஜாபாத்துல எறக்கி வுட்டுடு. ஒரு பார்ட்டியப் பாக்கணும். வர்றப்ப அங்கயே நிக்கறேன், ஏத்திக்கினு வந்துடு."

"எனக்கும் மார்க்கெட்ல கொஞ்சம் வேல இருக்குது," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நான் தெருவுல பாவு விரிக்கறதுக்கு முன்னாடி கெளம்பிடுவேன்," என்றேன். "யாருக்கும் நிக்க மாட்டேன்."

மாமா ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"கம்பெனி பஸ்ஸே தேவலாம் போலக்குது," என்றார். "நாளைக்கு நான் எத்தினி மணிக்கு இங்க வர்றது, சொல்லு."